முகம் தெரியவில்லையாம்

போன வாரம் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், மாவட்டச் செய்திப் பக்கத்தில் வழக்கமான அந்தப் படம். நான்கு பெண்கள் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். பச்சைச் சேலை கட்டிய ஒருவர் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டு, முனையைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். தலைப்பில் 'அழகிகள் கைது'. உள்ளே 'மீட்கப்பட்டனர்'. கைதா, மீட்பா? பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இந்தப் பச்சைச் சேலையை மார்க்கெட் பக்கம் பார்த்த மாதிரி இருக்கே" என்றார். எனக்கு டீ இறங்கவில்லை.

வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வது நம் சட்டத்தில் குற்றமே இல்லை. பலருக்கு இது தெரியாது. ஆனால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. பொது இடத்தில் நின்று அழைத்தால் குற்றம். பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் தொழில் செய்தால் அது விபசார விடுதி. அந்த வருமானத்தில் வாழ்கிற, 18 வயது தாண்டிய யாரும் குற்றவாளி. எழுத்துப்படி பார்த்தால், அம்மா காசில் காலேஜ் போகிற மகனும்தான். இதனால் லாபம் யாருக்கு? மாமூல் வாங்குகிறவருக்கும் புரோக்கருக்கும். அடித்தவன் மேல் புகார் கொடுக்கப் போனால் முதல் கேஸ் தன்மேல் விழும் என்று பயப்படுகிற பெண் எப்படி ஸ்டேஷன் படி ஏறுவார்?

சிறுமிகளை விற்பவன், ஏமாற்றிக் கூட்டி வருபவன், அடைத்து வைப்பவன் இவர்களுக்குத் துளி இரக்கமும் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒழுக்கத்தின் பேரில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் சென்னையே பார்த்திருக்கிறது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். ரத்த மாதிரிகளில் பல, மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமில், அதாவது பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை வைக்கும் அரசு இல்லத்தில், அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையவை. எதற்கான பரிசோதனை என்றுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. தண்டனைக் காலம் முடிந்தும், தொற்று இருக்கிறது என்பதற்காகவே பெண்களை வெளியே விடவில்லை. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1990-இல்தான் கதவு திறந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் எங்கேயும் பூட்டவில்லை.

சரி, லைசென்ஸ் கொடுத்து முறைப்படுத்தலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அட்டை, பதிவேடு, கட்டாய மருத்துவப் பரிசோதனை என்றால் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளைக்காரன் 1868-இல் தன் சிப்பாய்களைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டம் போட்டான். பெண்ணுக்குப் பதிவு, பெண்ணுக்குச் சோதனை, நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைப்பு. இருபது வருடத்தில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. நான் கேட்பது வேறு. குற்றப் பிரிவுகளை எடுத்துவிட்டு, மற்றத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பை இவர்களுக்கும் கொடுங்கள். நியூசிலாந்து 2003-இல் அதைச் செய்தது. 60-க்கு 59, ஒரே ஓட்டில் ஜெயித்த சட்டம். 2014-இல் அங்கே ஒரு பெண், தன்னிடம் ஆபாசமாக நடந்துகொண்ட விடுதி நடத்துநர் மேல் பாலியல் தொந்தரவு வழக்குப் போட்டு 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். விடுதியில் வேலை பார்த்த பெண்ணுக்கு அங்கே அது முடிந்தது.

இங்கேயும் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. மரியாதையோடு நடத்துங்கள், ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள், படத்தையும் அடையாளத்தையும் வெளியிடாமல் இருக்கப் பத்திரிகைகளுக்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது. ரெய்டில் இவர்களைக் கைது செய்யக் கூடாது என்பது உட்பட சில பரிந்துரைகளுக்கு மத்திய அரசு தயக்கம் காட்டியது.

அன்று மதியமே அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து இந்தத் தீர்ப்பைச் சொன்னேன். பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"முகம்தான் தெரியலையே சார்."

"சேலை தெரியுதுங்க" என்றேன்.