8 மணிக்குப் பூட்டும் ஆற்றங்கரை

திருப்பூர் நொய்யல் ஆற்றங்கரை நடைபாதையை இரவில் பூட்டும் அந்த இரும்புக் கேட்டின் படம் இரண்டு நாட்களாக எல்லோருடைய சமூக வலைத்தளப் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருப்பதால் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அந்த நடைபாதையைப் போட்டபோது பாராட்டி எழுதியவன்தான் நானும். ஆனால் இரவு 8 மணிக்கு அதைப் பூட்டுகிறவர்களுக்கு, திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பகல் வேலையோடு கூடுதல் அரை ஷிப்டும், 8.30-க்குத்தான் முடியும் என்பது தெரியாமலா இருக்கும்?

என் அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சங்கிலி தொய்வாக இருந்தவரை, முதலில் தூக்குப்போசியைக் கேட்டின் இடைவெளியில் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்துவிடுவார். போன வாரம் அந்தச் சங்கிலியை இரண்டு சுற்றாக இறுக்கிவிட்டார்கள். இப்போது பாலத்தைச் சுற்றி, டெம்போவுக்கும் பேருந்துக்கும் ஒதுங்கி ஒதுங்கி வருகிறார்.

"திறந்து வைத்தால் பைக் நுழையும்" என்கிறார்கள் பூட்டை ஆதரிப்பவர்கள். நியாயம்தான், சக்கர நாற்காலி போகும் அளவுக்கு இடம் விட்டுக் கம்பங்கள் நட்டால் தீர்ந்தது. "இரவில் குடிகாரர்கள் உட்காருவார்கள்" என்கிறார்கள். பாலத்துக்கு அடியில் இப்போது உட்காருகிறவர்கள் என்ன, சாவி வாங்கிக்கொண்டா போகிறார்கள்? வேலை விட்டு வரும் பெண்கள் கூட்டமாக நடக்கிற, விளக்கு எரிகிற பாதையில் எவனும் பாட்டிலைத் திறக்கத் தயங்குவான். "அந்த நாற்றத்தில் யார் நடப்பது" என்று கேட்ட அன்பருக்குப் பதில் சொல்லவே மனமில்லை. அவர்கள் காற்று வாங்க நடக்கவில்லை ஐயா, வீட்டுக்குப் போகிறார்கள்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொல்லும்வரை, இதே கரையோரத்துச் சாயப்பட்டறை ஒன்றில்தான் என் அப்பா நின்றார். குதிகால் வெடிப்பில் ஏறிய நீலம், வேலை போன பிறகும் பல மாதங்கள் போகவில்லை. தீர்ப்பைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரால் கெட்டுப்போன விவசாயக் காடுகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால், பட்டறை போய், செடி வைத்து, பெஞ்சு போட்டுக் கரை அழகான பிறகு, அது காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு மட்டும் எப்படிச் சொந்தமானது? நாறிய காலத்தில் நின்றவர்களின் குடும்பத்தார், விளக்கு எரிகிற காலத்தில் வெளியே நிற்க வேண்டுமா?

இதையும் அரசியல் என்பீர்கள். சொல்லுங்கள். ஒரே ஒரு நாள் 8.45-க்கு அந்தக் கேட்டுப் பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வரும்போது, கையில் சாவி இருந்தால் எடுத்து வாருங்கள்.