ஊசி போட்டவனுக்குக் கல்லு வந்தால்

ஜிம்முக்குப் போகிற பொடியன் ஒருவனுக்குக் கிட்னியில் கல் என்று கேள்விப்பட்டால் நம்மூரில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, "ஊசி போட்டானெல்லா, படட்டும்" என்று முடித்துவிடும். மற்றது ஜிம் கட்சி. "ஸ்டெரொய்டுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் இந்த வெயிலும் கிணத்துத் தண்ணியும்" என்று கையைக் கழுவிவிடும். இரண்டு கட்சியிலும் எனக்கு வேண்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பாதிதான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

உடம்பு ஏற்றப் போடுகிற இந்த ஸ்டெரொய்ட் ஊசி ஒருநாளும் தனியே வருவதில்லை. கூடவே ஒரு பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது: பவுடர், விற்றமின், இறைச்சி, உப்பு, வியர்வை, போட்டி என்றால் சலம் போகிற குளிசை. கல்லைக் கட்டுவதில் பெரும்பங்கு அந்தப் பட்டாளத்துடையது. ஆனால் ஊசியை மறைக்கிறவன் அதோடு சேர்த்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறான். அதனால்தான் கல் ஏன் வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போகிறது.

என் அக்காவின் மகனையே சொல்கிறேன். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், இருபத்துச் சொச்சம் வயது. டெட்லிஃப்ட் அடிக்கும்போது இடதுபக்க முதுகில் பிடித்துக்கொண்டது. தசைப் பிடிப்பு என்று நினைத்து டைக்ளோபெனக் குளிசையைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் ஜிம்முக்குப் போனான். மூன்றாம் நாள் வலி விலாவில் இருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் வந்து, ஒரு பக்கமாகச் சரிந்து நடக்கவே முடியாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரி. தசைப் பிடிப்பென்றால் அசையாமல் படுத்தால் கொஞ்சம் ஆறும். கல்லு வலி படுக்கவும் விடாது, இருக்கவும் விடாது. ஸ்கேனில் சலக்குழாயில் 6 மில்லிமீற்றர் கல். டொக்டர் கேட்டார், "தம்பி, வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?" பக்கத்தில் அம்மா நிற்கிறா. "இல்ல டொக்டர், பவுடர் மட்டும்தான்."

வீட்டுக்கு வந்தபிறகு தன் அலுமாரியைத் திறந்து காட்டினான். "மாமா, உம்மாட்ட சொல்லிராதீங்க" என்று கூட்டாளி வீட்டுப் பேச்சில் ஒரு கெஞ்சல் வேறு. இரண்டு பெரிய புரோட்டீன் டப்பா. தண்ணியில் போட்டால் நுரைக்கிற விற்றமின் சி, ஆயிரம் மில்லிகிராம். விற்றமின் டி. கல்சியம். பெயர் எழுதாத சின்னப் பொலித்தீன் பைக்குள் இளஞ்சிவப்புக் குளிசைகள், டயனபோல் என்கிற ஸ்டெரொய்ட் என்று கொடுத்தவர் சொன்னாராம். கட்டாரிலிருந்து வந்த ஒருவரின் பையில் வந்த டெஸ்டொஸ்டெரோன், அதாவது ஆண் ஹோர்மோன், ஊசி அம்பியூல். அப்புறம் கச்சான் பட்டர், கிலோ கணக்கில். டொக்டருக்குச் சொன்னது அந்த இரண்டு டப்பாவை மட்டும்.

சரி, கல் எப்படிக் கட்டுகிறது? சலத்தில் கரைந்து போகவேண்டிய உப்புகள் அளவுக்கு மிஞ்சினாலோ, அவற்றைக் கரைக்கப் போதிய தண்ணி இல்லாவிட்டாலோ படிகமாகிவிடும். பெரும்பாலான கற்கள் கல்சியமும் ஒக்சலேற்றும் சேர்ந்தவை. அடுத்தது யூரிக் அமிலக் கல். சலத்தில் சிட்ரேற் என்று ஒன்று இருக்கிறது, அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக் கல் கட்டாமல் தடுக்கும். ஆக, தண்ணி குறையவேண்டும், கல்சியமோ ஒக்சலேற்றோ யூரிக் அமிலமோ கூடவேண்டும், சிட்ரேற் இறங்கவேண்டும். இதில் எதையெல்லாம் உடம்பு பெருக்குகிற ஒரு 'பல்கிங்' பொடியன் செய்கிறான் என்று பாருங்கள். எல்லாவற்றையும் செய்கிறான்.

முதலில் இறைச்சி. கோழி நெஞ்சு, முட்டை, மீன், அதற்கு மேல் மூன்று நேரமும் பவுடர். விலங்குப் புரதம் அளவுக்கு மிஞ்சினால் சலம் அமிலமாகும், சிட்ரேற் இறங்கும், கல்சியமும் யூரிக் அமிலமும் ஏறும். ஒரே சாப்பாடு நாலு வேலை பார்க்கிறது. ஈரலும் சூடை மீனும் நெத்தலியும் யூரிக் அமிலத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட. உப்பும் லேசுப்பட்டதில்லை. சோடியம் கூடினால் கிட்னி கல்சியத்தையும் சேர்த்து வெளியே தள்ளும். கருவாடும் நூடில்ஸும் சோஸும் இல்லாத மெஸ் நம்மிடம் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் தயிரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கல் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்துவது பாலும் தயிரும்தான். "கல்லு கல்சியமாம், தயிர் தொடாத" என்று எருமைத் தயிர்ச் சட்டியைத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். 2002 இல் இத்தாலியில் போர்கி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிர். திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை ஐந்து வருடம் பார்த்தார்கள். கல்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட, கல்சியத்தை வழமைபோல் விட்டு இறைச்சியையும் உப்பையும் குறைத்தவர்களுக்குத்தான் கல் குறைவாகத் திரும்ப வந்தது, ஏறத்தாழப் பாதி. சாப்பாட்டில் உள்ள கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்துக் கழிவோடு அனுப்பிவிடுகிறது. கச்சான், பாதாம், பசளி, தண்டுக்கீரை இதிலெல்லாம் ஒக்சலேற் இருக்கிறது, அதோடு கொஞ்சம் தயிர் சேர்ந்தால் நல்லதே தவிரக் கெட்டதில்லை. நிறுத்தவேண்டியது தயிரை அல்ல, டொக்டர் சொல்லாமல் விழுங்குகிற கல்சியக் குளிசையையும் டியையும். விற்றமின் டி மிஞ்சினால் இரத்தத்திலும் சலத்திலும் கல்சியம் ஏறும்.

விற்றமின் சி விசயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கிறது. பழத்தில் இருக்கிற சியை யாரும் குறை சொல்லவில்லை. ஆயிரம் மில்லிகிராம் குளிசையில் மிஞ்சுகிற சியின் ஒரு பகுதி உடம்புக்குள் ஒக்சலேற்றாக மாறுகிறது. 2013 இல் சுவீடனில் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பதினொரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், சி குளிசை எடுத்தவர்களுக்குக் கல் வந்த அளவு ஏறத்தாழ இருமடங்கு. "விற்றமின் தானே, மிஞ்சினா சலத்தோட போயிரும்" என்று மாஸ்டர்மார் சொல்கிறார்கள். உண்மைதான், சலத்தோடுதான் போகிறது. போகிற வழியில்தான் பிரச்சினை.

இப்போது ஊசிக்கு வருவோம். அதைச் சும்மா விட்டுவிடுவேன் என்று ஜிம் கட்சி நினைக்கவேண்டாம். பெண்களைவிட ஆண்களுக்குக் கல் கூட வருவது பழைய செய்தி. எலிகளில் டெஸ்டொஸ்டெரோன் கொடுத்தால் ஒக்சலேற்றும் கல் படிவும் கூடுகின்றன, விதை எடுத்த எலிகளில் குறைகின்றன. 2019 இல் அமெரிக்க இராணுவ மருத்துவப் பதிவுகளை வைத்து வெளிவந்த ஆய்வில், டொக்டர் எழுதிக் கொடுத்து டெஸ்டொஸ்டெரோன் எடுத்த நடுவயது ஆண்களுக்கே கல் கூடுதலாகத்தான் வந்திருக்கிறது. சம்பந்தம் இருக்கிறது என்று எண்ண இது போதும். ஆனால் இதை வைத்து "ஊசிதான் கல்லைக் கட்டியது" என்று ஒருவனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது, அவன் அலுமாரியில் இத்தனை சாட்சி நிற்கும்போது.

ஊசி கிட்னிக்குச் செய்கிற பெரிய அநியாயம் வேறு. 2010 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கட்டுரை, வருடக்கணக்காக ஸ்டெரொய்ட் எடுத்து, சலத்தில் புரதம் ஒழுகத் தொடங்கிய பத்து பொடிபில்டர்களின் கிட்னியைப் பரிசோதித்தது. ஒன்பது பேருக்கு வடிகட்டிகளில் தழும்பு விழுந்திருந்தது. அது வலிக்காது. கல்லாவது கத்திக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகும். தழும்பு சத்தமே இல்லாமல் வேலையை முடிக்கும். ஆகவே கல் வந்தவனுக்கு சலத்தில் புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஜிம்மில் குடிக்கிற கிரியேற்றின் பவுடரைப் பற்றியும் கேட்பீர்கள்: அது கல்லைக் கட்டுவதாகக் காட்டப்படவில்லை, இரத்தப் பரிசோதனையில் கிட்னியைச் சோதிக்கப் பார்க்கிற 'கிரியேற்றினின்' (creatinine) என்ற கழிவின் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதையும் டொக்டரிடம் சொல்லிவிட்டால் வீண் பயம் இல்லை.

போட்டிக்குப் போகிறவர்கள் கதை தனி. மேடைக்கு முதல் தண்ணியை நிறுத்தி, சலக் குளிசை விழுங்கி, தோலைக் காகிதம் மாதிரி ஆக்குகிறார்கள். அந்தக் குளிசைகளில் பிரபலமான ஃபுரொசமைட் தண்ணியோடு கல்சியத்தையும் சலத்துக்குள் தள்ளுகிறது, அதே நேரம் சலமும் சுண்டிவிடுகிறது. 1992 இல் நெதர்லாந்துப் போட்டி முடிந்த கையோடு இறந்த பொடிபில்டர் மொஹமட் பெனாசிசா, 1996 இல் ஒஸ்திரியாவின் அன்ட்ரியாஸ் முன்சர், இருவர் கதையிலும் இந்தக் குளிசைகள் வருகின்றன. அவர்கள் இறந்தது கல்லால் அல்ல. பிரேசிலில் இன்னொரு கூத்து: மாட்டுக்குப் போடுகிற ஏ, டி, ஈ விற்றமின் எண்ணெயைக் கைத் தசைக்குள் ஏற்றி, இரத்தத்தில் கல்சியம் எகிறி, கிட்னிக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து வந்த பொடியன்களைப் பற்றி அங்குள்ள டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள்.

வெயில் கட்சிக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. வறண்ட சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரை ஜிம்முக்குள் பின்னேரம் ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். உடம்புத் தண்ணியெல்லாம் ரீசேட்டில். சலத்துக்கு என்ன மிஞ்சும்? 1996 இல் அதே போர்கி குழு, ஒருமுறை கல் வந்தவர்களில் ஒரு பகுதியினரை ஒரு நாளைக்கு இரண்டு லீற்றருக்கு மேல் சலம் போகிற அளவுக்குத் தண்ணி குடிக்க வைத்தது. ஐந்து வருடத்தில் அவர்களில் 12 வீதத்தினருக்கும், மற்றவர்களில் 27 வீதத்தினருக்கும் கல் திரும்ப வந்தது. கவனிக்கவேண்டியது குடிக்கிற அளவை அல்ல, போகிற அளவை. நம்ம காலநிலையில் ஜிம் அடிக்கிறவனுக்கு இரண்டு லீற்றர் சலம் போகவேண்டுமென்றால் மூன்று லீற்றர் குடித்தாலும் சில நாள் போதாது. சலம் தேயிலைச் சாயம் போல் இருந்தால் குறைவென்று அர்த்தம். நோன்பு காலத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருதுத் தம்பிமார் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஜிம்முக்குப் போவதைப் பார்க்கிறேன். நோன்பு திறந்தபிறகு போனால் என்ன? திறந்ததிலிருந்து விடியமுன் சஹர் வரைக்கும் தண்ணியைப் பங்கிட்டுக் குடிக்கலாம்.

தேசிக்காய்த் தண்ணி நல்லது, சிட்ரேற் இருக்கிறது. அதற்குள் உப்பை அள்ளிப் போட்டுக் குடித்தால் அந்த நன்மையும் உப்போடு போய்விடும். நெருஞ்சி முள்ளுக் கசாயத்தை நான் கேலி செய்யமாட்டேன், குடம் குடமாகத் தண்ணி உள்ளே போகிறதே. ஆனால் 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், அந்தப் புகழ் கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்குப் போய்ச் சேரும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வலித்தாலோ சலம் அடைத்துக்கொண்டாலோ கசாயம் காய்ச்ச நேரமில்லை, நேரே ஆஸ்பத்திரி. வலி நிவாரணிக் குளிசையை நீங்களாகக் கூட்டிப் போடாதீர்கள். தண்ணி வற்றிய உடம்பில் டைக்ளோபெனக் கிட்னிக்கு இன்னொரு அடி.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதிப்படுகிறவர்களுக்கு: யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அதுதான் மருந்தால் கரைக்கக்கூடிய கல்லும். எனவே கல் விழுந்தால் தேயிலை வடியில் பிடித்து ஆய்வுக்குக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் 24 மணிநேரச் சலப் பரிசோதனையும் கேளுங்கள்.

மாஸ்டர்மாரிடமும் ஒன்று கேட்கவேண்டும். விளையாட்டு ஊக்கமருந்துக்கு எதிராக இலங்கையில் நமக்கு 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது போட்டிக்காரனைப் பிடிக்கும். கல்யாணப் போட்டோவுக்கும் டிக்டொக்குக்கும் உடம்பு ஏற்றுகிற நம்ம பொடியனைப் பிடிக்காது. அவனைப் பிடிக்கக்கூடியவர் அவனுக்கு முதல் டம்பெல் எடுத்துக் கொடுத்தவர்தான். அவரே ஊசிக் 'கோர்ஸ்' விற்றால் யாரைப் போய்க் கேட்பது?

கடைசியாக, இன்பொக்ஸில் "எந்தப் பிராண்ட் சேஃப் அண்ணே" என்று கேட்காதீர்கள், பதில் வராது. ஸ்கேன் படத்தையும் அனுப்பாதீர்கள், நான் டொக்டர் இல்லை. கிளினிக்குக்குப் போகிற அன்று அலுமாரியில் இருக்கிற டப்பா, குளிசை, அம்பியூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவைக் கொஞ்சநேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மேசையில் கொட்டிக் காட்டுங்கள். ஊசியை நிறுத்துவதென்றாலும் எப்படி நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். திடீரென்று விட்டால் சொந்த ஹோர்மோன் சுரப்பு உடனே எழும்பாது, அதற்கும் அவர் தேவை.