குப்பன் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

அந்தக் காணொளியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எந்தக் காணொளி என்று சொல்லத் தேவையில்லை, உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். எங்கள் குழுவில் ஒரே நாளில் நான்கு பேர் போட்டார்கள். தடுப்பூசியே வேண்டாம் என்று ஒருவர் மேடையில் பேசுகிறார். "நம்ம பாட்டன் பூட்டன் ஊசி இல்லாம, மாத்திரை இல்லாம நூறு வயசு வாழ்ந்தான், இன்னைக்கு நாப்பதுல போறான்." உடனே கைதட்டல். சரி, பழைய பாட்டுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் ஊருக்குள் ஊசி போட வந்த பெண்கள் எல்லாம் கமிஷனுக்கு வந்தவர்கள் என்றாரே அந்த மனிதர், அதை என்னால் விட முடியவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1970-75இல் தமிழ்நாட்டின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 49.6 வருடம். நூறை விடுங்கள், ஐம்பதைக்கூடத் தொடவில்லை. 2014-18இல் அது 72.1. இது ஏதோ கட்சி மேடையில் சொன்ன கணக்கு அல்ல, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவு முறையில் எடுத்த கணக்கு. நாற்பது சொச்சம் வருடத்தில் இருபத்திரண்டு வருட ஆயுள் கூடியிருக்கிறது. கூடியதைத்தான் குறைந்துவிட்டது என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள்.

"49 என்றால் எல்லோரும் 49 வயதிலா செத்தார்கள்? எங்கள் தாத்தா 92 வரை இருந்தாரே?" என்று கேட்பீர்கள். இருந்திருப்பார். அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் நடை பழகினார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? 80 வயது வரை வாழ்ந்த ஒருவரையும் பிறந்த வாரமே போய்விட்ட அவர் தம்பியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரி 40தான் வரும். தாத்தாவுக்குச் சுவரில் படம் இருக்கிறது. அந்தத் தம்பிக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். படத்தில் இருப்பவரை மட்டும் எண்ணிவிட்டு அந்தக் காலம் ஆரோக்கியமான காலம் என்றால் எப்படி?

பெயர் என்றதும் இன்னொன்று. நம் ஊர்ப் பக்கம் குப்பன், குப்பாயி, பிச்சை, மூக்கன் என்றெல்லாம் ஏன் பெயர் வைத்தார்கள் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமா?

என் பாட்டி, அம்மாவின் அம்மா, 91 வயது வரை இருந்தார். கடைசி வரை கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பார். ஒன்பது பெற்றார், நான்கு தங்கியது. "தங்கியது" என்பது அவர் சொல். ஒன்று பிறந்த ஏழாம் நாள் ஜன்னி கண்டு போனது. தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள் என்று கேட்டேன், "கதிரறுக்கிற அருவாளாலதான்" என்றார். ஒன்று அம்மையில் போனது. ஒன்று கக்குவானில், இருமி இருமி முகம் நீலம் பாரித்து. இரண்டு ஒரே சித்திரை மாதத்தில் வயிற்றுப்போக்கில். அதற்குப் பிறகு மாமா பிறந்ததும் முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வர, பாட்டி இரண்டு படி தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது, அதனால் எமன் கண்ணில் படாது என்று நம்பிக்கை. மாமா பெயர் குப்பன். இன்று எந்த வீட்டிலாவது குழந்தைக்குக் குப்பன் என்று பெயர் வைக்கிறார்களா? ஏன் வைப்பதில்லை?

1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. ஒன்பதில் ஒன்று. 2020இல் அது 13. வேறு ஒன்றும் மாயம் இல்லை, அந்தப் பிள்ளைகள் தங்க ஆரம்பித்தார்கள்.

கம்பங்கூழும் கேழ்வரகும் காப்பாற்றியது என்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். அதே 1970-75இல் பக்கத்துக் கேரளத்தில் சராசரி ஆயுள் 62. நம்மைவிடப் பன்னிரண்டு வருடம் அதிகம். அங்கே பெண்கள் படித்திருந்தார்கள், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. நம்மிடம் கம்பு இருந்தது, அவை இல்லை.

"இன்று நாற்பதில் மாரடைப்பு வருகிறதே?" வருகிறது, நான் மறுக்கவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கிறது, எனக்கே இருக்கிறது. அது தனிச் சண்டை, போட வேண்டிய சண்டை. அதற்காகத்தான் 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆனால் அதைக் காட்டி, செத்துப்போன குழந்தைகளை மறைக்காதீர்கள்.

"அப்படியானால் எந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறாய்?" என்று ஒருவர் வருவார். 1982இல் சத்துணவைக் கொண்டுவந்தவர் எம்ஜிஆர். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கவென்றே 1994இல் தனிக் கழகம் அமைந்தது ஜெயலலிதா ஆட்சியில். 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008இல், கருணாநிதி ஆட்சியில். யாருக்கு வேண்டுமானாலும் மாலை போடுங்கள், எனக்கு வழக்கில்லை.

எனக்கு வழக்கு அந்தக் கமிஷன் என்ற சொல்லோடுதான்.

என் அம்மா கிராம சுகாதார செவிலியர். 1984இல் வேலைக்குச் சேர்ந்தார், தர்மபுரி மாவட்டத்தில். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நடை. ஒரு தோளில் ஐஸ் கட்டி வைத்த வேக்சின் கேரியர், இன்னொரு தோளில் பதிவேடுகள். ஐஸ் உருகுவதற்குள் போட்டு முடிக்க வேண்டும், அதனால் வழியில் யார் வீட்டிலும் உட்கார மாட்டார். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசி போட்டால் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வரும். மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனால் அப்பன்காரன் கம்போடு நிற்பான். ஒருமுறை பதிவேட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். அம்மா அதை எடுத்து, அலசி, கொடியில் காயப்போட்டு, அழிந்த பெயர்களை எல்லாம் மறுபடி எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படித்துச் சொன்னேன், எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கே காய்ச்சல் அடித்த நாளில்கூடப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊசி நாளுக்குப் போனவர் அவர். அந்தக் கோபம் எனக்குப் பல வருடம் இருந்தது. கமிஷனாம்!

எந்த வீட்டில் எத்தனையாம் மாதம், எந்தப் பிள்ளை ஊசிக்கு வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

நேற்று அந்தக் காணொளியை அம்மாவே பார்த்துவிட்டார், யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். இரண்டு முறை பார்த்தார். பேசுகிறவர் மேல்சட்டை இல்லாமல் துண்டு மட்டும் போட்டிருந்தார் அல்லவா, ஒரு இடத்தில் நிறுத்தி, கைபேசியை என்னிடம் நீட்டி, அவருடைய இடது புஜத்தைக் காட்டினார். "பிசிஜி தழும்பு, காசநோய் வராம இருக்கப் போடுற ஊசி. நல்லாப் பிடிச்சிருக்கு பாரு" என்றார்.

அப்புறம் என் சித்தி மகளுக்குப் போன் போட்டார். அவள் பேரனுக்கு மூன்றரை மாத ஊசி போன புதன்கிழமை போட்டிருக்க வேண்டும். காணொளியைப் பார்த்துவிட்டு யோசிக்கிறார்களாம். அம்மா திட்டவில்லை. "காய்ச்சல் வந்தா என்ன கொடுக்கணும்னு நான் சொல்றேன், இந்தப் புதன்கிழமை நானே கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னார். முட்டி வலியோடு நாளை காலை ஆறு மணிப் பேருந்துக்குக் கிளம்புகிறார்.