அமெரிக்க அதிபர் கைகாட்டினால் உடனே அமைச்சரா?

‘அமெரிக்காவில் புது அதிபர் யாரைச் சொல்கிறாரோ அவர் மறுநாளே அமைச்சர். செனட் சபை இதுவரை ஒருவரைக்கூட நிராகரித்ததில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. (செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை.)

அதிபர் பெயரை முன்மொழியத்தான் முடியும். விசாரணை, வாக்கெடுப்பு எல்லாம் முடிந்து செனட் சம்மதித்தால்தான் பதவி. செனட்டின் சம்மதம் வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

நிராகரிப்புக்கு நல்ல உதாரணம் ஜான் டவர். 1989இல் அப்போதைய அதிபர் மூத்த புஷ் அவரைப் பாதுகாப்பு அமைச்சராக முன்மொழிந்தார். டவர் அதே செனட்டில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், அதன் ராணுவ விவகாரக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். குடிப்பழக்கம், ஆயுத நிறுவனங்களோடு தொடர்பு என்று புகார்கள் கிளம்பின. பழைய சகாக்களே 53–47 என்று தோற்கடித்தார்கள்!

சமீபத்திலும், 2024 நவம்பரில் அட்டர்னி ஜெனரல் (நீதித் துறையின் தலைவர்) பதவிக்கு டிரம்ப் அறிவித்த மேட் கேட்ஸ், எதிர்ப்பைப் பார்த்துத் தானே விலகிக்கொண்டார். 2025 ஜனவரியில், பாதுகாப்பு அமைச்சராக டிரம்ப் முன்மொழிந்த பீட் ஹெக்செத் செனட் வாக்கெடுப்பில் 50–50 சமநிலையில் நின்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கால்தான் தப்பித்தார்.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் போன்ற பதவிகளுக்கு மட்டும் செனட் சம்மதம் தேவையில்லை. அதிபர் தானே நியமித்துக்கொள்ளலாம்.