72ஐ 25ஆல் வகுக்காதீர்கள்

போன வாரம் அக்கா மகள், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, "சித்தி, நான் அப்ளை பண்ணப் போவதில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம் இரவும் பகலும் படித்த பெண். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தில் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி, எவ்வளவு என்று ஒரு கட்டம். இங்கே நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் விழுக்காட்டில்தான் மதிப்பெண் தருகின்றன, அதனால் யாரோ ஒருவர் அவளிடம், நான்குக்குக் கணக்கு என்றால் உன் சராசரியை 25ஆல் வகு என்று சொல்லியிருக்கிறார். அவளுடைய சராசரி 72. வகுத்தால் 2.88. அங்கே பல இடங்களில் குறைந்தது 3.0 கேட்கிறார்கள். அவ்வளவுதான், பிள்ளை மனம் உடைந்துவிட்டாள்.

இது பெரிய அநியாயம். அமெரிக்கக் கணக்கில் ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, தோற்றால் 0. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்தின் எடையைக் காட்டும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் ஜிபிஏ. அங்கே ஏ வாங்குவதற்குப் பொதுவாக 90 வேண்டும், 72 என்றால் சி. நம்மிடம் 50 எடுத்தால் பாஸ், 75 எடுத்தால் டிஸ்டிங்ஷன். இங்கே திருத்துகிறவர்கள் 90ஐ எவ்வளவு அரிதாகப் போடுகிறார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இங்கே 72 வாங்கியவள் டிஸ்டிங்ஷனுக்கு மூன்று மார்க் கீழே நிற்கிறாள், அங்கே அதே எண்ணைப் பார்த்தால் சுமாராகப் படித்தவள் போலத் தெரிகிறது. எண் ஒன்றுதான், அளவுகோல் வேறு.

இன்னொன்று, சராசரியையே நம் பிள்ளைகள் பலர் தப்பாகப் போடுகிறார்கள். மார்க்குகளைக் கூட்டி மாடியூல், அதாவது பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு, வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் சேர்த்து. வருடத்துக்குச் சாதாரணமாக 120 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 360. ஒரு செமஸ்டரில் 16 கிரெடிட் மாடியூல்கள் இரண்டில் 64, 71, எட்டு கிரெடிட் மாடியூலில் 88, 24 கிரெடிட் ஆராய்ச்சித் திட்டத்தில் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கூட்டி நான்கால் வகுத்தால் 70.25. கிரெடிட்டால் பெருக்கிப் போட்டால் 4256ஐ 64ஆல் வகுக்க வேண்டும், 66.5 வரும். கிட்டத்தட்ட நான்கு மார்க் வித்தியாசம்! எட்டு கிரெடிட் பாடத்தில் வாங்கிய 88ஐ நினைத்து சந்தோஷப்பட்டுக்கொண்டு, 240 மணி நேர வேலையைக் கோட்டை விட்டிருப்பார்கள்.

எழுத்துத் தரங்களாக மாற்றும்போது வேறொரு இழப்பும் உண்டு. நம் 75ஐ எட்டினால் ஏ என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், அப்படியானால் 75க்கும் 98க்கும் ஒரே நான்கு புள்ளி, 74க்கும் 75க்கும் நடுவில் மட்டும் ஒரு பள்ளம். அந்த ஒரு மார்க்கில் பிள்ளையின் அறிவு என்ன மாறிவிட்டது?

எங்கள் அப்பா அறுபதுகளில் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவுக்குப் படகில் போய்ப் படித்தவர், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி அது. அங்கே என்ன படித்தார்கள், எப்படித் திருத்தினார்கள் என்று ஒன்றும் தெரியாதவர்களே அந்தப் பட்டத்தை மட்டமாகப் பேசினார்கள் என்று வருத்தப்படுவார். அப்பாவுக்கு வெளியார் செய்ததை இவள் தனக்குத் தானே செய்துகொண்டாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, என்ன செய்தோம்? அந்த 2.88ஐ அழித்தோம். பல விண்ணப்பங்களில், வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றாமல் அப்படியே போடுங்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும், இதிலும் இருந்தது. 72 விழுக்காடு என்றே போட்டோம். டிரான்ஸ்கிரிப்ட் என்னும் மதிப்பெண் பட்டியலோடு, பாஸ் 50, டிஸ்டிங்ஷன் 75 என்று பல்கலைக்கழகமே தரும் தர விளக்கத் தாளையும் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அனுப்பிவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்போது விண்ணப்பிக்கிறார்கள் என்றால் டிரான்ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.