பேச்சைக் கேட்காதவர்களை என்ன செய்தார்கள்?

ஒயின் என்று பேச்செடுத்தாலே ஒரு பழைய பல்லவி வரும்: ஐரோப்பா என்றால் மரபு, கட்டுப்பாடு, ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா என்றால் சுதந்திரம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு வட்டாரத்தின் தொழில் பண்பாட்டை அறிய, பேச்சைக் கேட்காதவர்களை அங்கே எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தால் போதும்.

மேக்ஸ் ஷூபர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் தயாரித்தவர். 1950-இல் ஐரோப்பா போனபோது, பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் பல வருடம் கெடாமல் முதிரும் சிவப்பு ஒயின்களைச் சுவைத்தார். திரும்பி வந்து, உள்ளூர் ஷிராஸ் திராட்சையில் அப்படி ஒன்றை 1951-இல் முயன்றார். அதுதான் கிரேஞ்ச். அன்றைக்கு அங்கே இனிப்பும் போதையும் தூக்கலான போர்ட் வகைக்குத்தான் மவுசு. கிரேஞ்சைச் சுவைத்தவர்கள் முகம் சுளிக்க, 1957-இல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. மனுஷன் நிறுத்தவில்லை. மகில் என்ற இடத்தில் நிறுவனத்துக்கு இருந்த நிலவறையில் மூன்று அறுவடைக்கு மேலிடத்துக்குத் தெரியாமல் தயாரித்தார். புது ஓக் பீப்பாய்க்குப் பணம் கேட்க வழியில்லை, பழையதை வைத்தே சமாளித்தார். ஆரம்பகால பாட்டில்கள் முதிர்ந்து ருசி ஏறியதும், அதே நிர்வாகம் 1960-இல் மறுபடி தயாரிக்கச் சொன்னது. இதில் சுதந்திரம் எங்கே? சட்டப் புத்தகம் இல்லை, முதலாளி இருந்தார், அவ்வளவுதான்.

இத்தாலியில் கியாந்தி வட்டார ஒயினுக்கு 1967-இல் வந்த விதிப்படி, சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையும் சேர்த்தே ஆக வேண்டும். அங்கே ஒயின் தயாரிக்கும் ஆன்டினோரி குடும்பம் தன் தின்யானெல்லோ ஒயினில் அதை விட்டுவிட்டது. விளைவு, லேபிளில் கியாந்தி என்று போட முடியாது. சாதாரண ‘மேசை ஒயின்’ என்ற கடைசிப் படிதான். வாங்குபவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை, அதிக விலை கொடுத்தே வாங்கினார்கள். கடைசியில் 2006 அறுவடை முதல் கியாந்தியின் மையப் பகுதியான கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கே தடை! நாற்பது வருடம்கூட ஆகவில்லை. (இதைத்தான் மரபு என்கிறார்கள்.)

போர்தோவைப் பற்றி நிறைய சொல்ல மனமில்லை. அங்கத்திய ஒயின்களுக்கு 1855-இல் தரகர்கள் சந்தை விலையை வைத்துத் தரவரிசை போட்டார்கள். அப்புறம் முதல் படிக்கு ஏறியது மூத்தோன் (Mouton) என்ற ஒயின் பண்ணை ஒன்றுதான், 1973-இல்.

எனக்குப் பிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள். கார்க்கில் கோளாறு இருந்தால், நல்ல ரீஸ்லிங் வெள்ளை ஒயினிலும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடும். திருகுமூடி போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தனியாக ஒருவர் போட்டால் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் 2000-ஆம் ஆண்டு அறுவடைக்கு, ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த பல தயாரிப்பாளர்கள் கூடிப் பேசிச் சேர்ந்தே மாறினார்கள். யாரும் சட்டம் போடவில்லை, எந்த முதலாளியும் உத்தரவிடவில்லை. அடுத்த வருடமே நியூசிலாந்துக்காரர்களும் இதே வேலைக்குக் கூட்டாக இறங்கினார்கள்.