அந்தப் பத்து நாள்
அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து, 'உடல்நிலை தேறிவிட்டது, ஊனமுற்றோர் உதவித்தொகை நிற்கும்' என்று கடிதம் வந்தால், மேல்முறையீட்டுக்கு 60 நாள் என்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது. வழக்கு நடக்கும்போதும் பணம் வர வேண்டுமானால் 10 நாளுக்குள் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். தபாலுக்கென்று 5 நாள் சேரும், அவ்வளவுதான். ஆற அமர வக்கீலைத் தேடி ஐம்பதாம் நாள் கடிதத்தை நீட்டினால் அவர் என்ன செய்வார்? தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். கடிதம் பிந்தி வந்ததென்று காட்ட உதவும் தபால் முத்திரை போட்ட உறையையும் கிழித்து எறிந்திருப்பார்கள்!

டாக்டர் சான்று இன்னொரு கொடுமை. 'வேலை செய்ய இயலாது' என்று ஒற்றை வரி. எத்தனை மணி நேரம் உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் எழவே முடியாது என்று எழுதினால்தானே விசாரணையில் வாதாட முடியும்?